டிசம்பரில் பிறக்காதவர்

பெண் பார்க்கப் போன அன்று என் மாமனார் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "இந்தச் சட்டைத் துணி எந்த ஊரு?" என்பதுதான். சம்பளம் கேட்கவில்லை, குடிப்பேனா என்று கேட்கவில்லை, எந்தச் சபை என்றுகூடக் கேட்கவில்லை. கள்ளக்குறிச்சியில் எடுத்தது என்றேன். "அது கடை இருக்கற ஊரு. துணி எந்த ஊரு?" என்றார். எனக்குத் தெரியவில்லை. போட்டிருக்கும் சட்டையைப் பற்றியே தெரியாதவனுக்கு எப்படிப் பெண்ணைக் கொடுப்பது என்று அவர் முகம் வாடிப்போனது. உள்ளே இருந்து அத்தை, "அவரு கெடக்கறாரு, நீங்க காப்பியக் குடிங்க தம்பி" என்று குரல் கொடுத்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

மாமனார் நைனார்பாளையம் பக்கத்து ஊர் ஒன்றில் மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர். எங்கிருந்து வந்தது என்று விசாரிக்காமல் எதையும் அவரால் தொட முடியாது. வயிறு உப்பிப்போய் மாடு தரையில் கிடக்கும். மாட்டுக்காரர் அழாத குறையாக நிற்பார். இவர் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, "எந்தச் சந்தையில புடிச்ச? இதோட தாயி எங்க இருக்குது?" என்பார். "தாயி எங்கனா இருக்கட்டும் சார், இதக் காப்பாத்துங்க" என்று அவர் கும்பிட்ட பிறகே ஊசி இறங்கும். சாப்பிட உட்கார்ந்தாலும் இதே கதைதான். மிளகாய் நம் நாட்டுக்காய் இல்லை, கப்பலில் வந்தது என்பார். நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்த சேகோ ஃபேக்டரிக்கு ஜவ்வரிசி செய்ய வரும் குச்சிக்கிழங்கும் ஒரு காலத்தில் கப்பலில் வந்ததுதான், அதனால் என் சம்பளமே கப்பலில் வந்தது என்பார். சொல்லிக்கொண்டே மிளகாய்ச் சட்னியை வழித்து வழித்துச் சாப்பிடுவார்.

அப்படிப்பட்ட மனிதர் கையில் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் யாரோ ஒரு துண்டுப் பிரசுரத்தைத் திணித்துவிட்டார்கள். கிறிஸ்தவன் கிறிஸ்துமஸ் கொண்டாடலாமா என்பது அதன் தலைப்பு. டிசம்பர் இருபத்தைந்து என்று வேதத்தில் எங்கேயும் இல்லை, அது பழைய ரோமாபுரிக்காரர்கள் சூரியனைக் கும்பிட்ட நாள், மரம் ஜோடிப்பது மரத்தைக் கும்பிட்டவர்களின் வழக்கம் என்றெல்லாம் அதில் போட்டிருந்ததாம். கொடுத்த புண்ணியவான் அடுத்த பஸ் பிடித்துப் போயிருப்பார். எங்கள் குடும்பத்துக்கு எவ்வளவு வேலை வைத்துவிட்டுப் போனார் என்பது அவருக்குத் தெரிந்திருக்காது.

இதெல்லாம் எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்னால் நடந்தது. என் மனைவி எஸ்தர் சொல்லித்தான் தெரியும். முதலில் வாசலில் சவுக்குக் கிளை நட்டு ஜிகினா சுற்றுவது நின்றது. பிறகு கூரையில் தொங்கிய ஸ்டார் இறங்கியது. கேக் எந்த நாட்டுச் சாமிக்குப் படைத்ததோ என்று சந்தேகம் வந்ததும் அதுவும் போனது. சரி போகட்டும் என்று அத்தை அதிரசம் சுட்டார். அது தீபாவளிப் பலகாரம் ஆயிற்றே என்றார் மாமனார். பொங்கல் வைக்கலாம் என்றால் அது சூரியனுக்கே நேராகப் படைப்பது, கேட்கவே வேண்டாம். கடைசியில் எந்தக் கலப்பும் இல்லாதது என்று அவரே யோசித்துக் கேழ்வரகுக் கூழ் காய்ச்சச் சொன்னார். அத்தை காய்ச்சி, இறக்கி, எல்லோருக்கும் ஊற்றிவிட்டு, "ஆடி மாசம் மாரியாத்தாவுக்கு ஊத்தறாங்களே, அது இன்னாங்க?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கிறிஸ்துமஸ் அன்று வீட்டில் எல்லோரும் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்தார்களாம்.

அத்தைக்கும் ஒரு நாள் பொறுமை போய்விட்டது. "ஊர்ல இருக்கற மாட்டுக்கெல்லாம் கலப்பு ஊசி போட்டுட்டு வர்றீங்க. வெள்ள மாட்டுக்குச் செவப்புக் கன்னு பொறக்குது. பண்டிக மட்டும் கலப்பில்லாம வேணுமா உங்களுக்கு?" என்று கேட்டிருக்கிறார்.

"மாடு வேற, பண்டிக வேற."

"ஆமா. மாடாவது பால் குடுக்குது."

அவர் அடுத்த நாள் பாஸ்டரைப் பார்க்கப் போய்விட்டார். பாஸ்டர் நல்ல மனிதர். "கம்பவுண்டரே, சந்தோஷமா இருக்கறதுக்கு ஒரு நாளு, அவ்ளோதான். வுடுங்க" என்றாராம். இவர், "சந்தோஷம் எங்கேருந்து வருதுன்னு பாக்கணும் இல்லீங்களா?" என்று கேட்டுவிட்டு வந்தார். பாஸ்டர் அதற்குப் பிறகு டிசம்பர் மாதத்தில் எங்கள் மாமனார் தெரு வழியாகச் சைக்கிளில் போவதை விட்டுவிட்டார்.

ஒன்று சொல்ல வேண்டும். இவரை நான் கிண்டல் செய்கிறேனே தவிர, அவரிடம் கெட்ட எண்ணம் துளிகூடக் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரன் ஸ்டார் கட்டினால் ஏணியைப் பிடித்துக்கொள்வார். ஒரு முறை என்னிடம், "உங்கள யாராவது வேற பேரச் சொல்லிக் கூப்ட்டா உங்களுக்கு எப்டி இருக்கும் மாப்ள? அப்டித்தான அவருக்கும் இருக்கும்? வருஷா வருஷம் தப்பான நாள்ல வந்து வாழ்த்திக்கினு நிக்கறமே" என்றார். சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் அதைத் தன் வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு நடக்கும் அவமரியாதையாகவே நினைத்து வருந்தினார். அந்த வருத்தம் பொய் இல்லை என்பதால்தான் அவரோடு சண்டை போடவும் முடியாமல் போனது.

எங்கள் கல்யாணம் ஆவணியில் நடந்தது. டிசம்பரில் தலை கிறிஸ்துமஸ். தலை தீபாவளியைப் பார்த்து நம்மவர்கள் பிடித்துக்கொண்ட வழக்கம்தான். புது மாப்பிள்ளையையும் பெண்ணையும் பெண் வீட்டார் அழைத்துப் புதுத்துணி எடுத்துக் கொடுத்துக் கறிச்சோறு போட வேண்டும். என் அம்மா இந்த மாதிரி விஷயங்களில் துளிகூட விட்டுக்கொடுக்காதவர். தியாகதுருகத்திலிருந்து எங்களோடு அவரும் கிளம்பி வந்தார். எஸ்தர் அப்போது முழுகாமல் இருந்தாள்.

போய் இறங்கினால் மாமனார் வீட்டில் இல்லை. அத்தை வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். கல்வராயன் மலைக்குப் போயிருக்கிறார் என்றார். எதற்கு என்று அம்மா கேட்டார்.

"ஆடுங்களோட படுக்கறதுக்கு" என்று சொல்லிவிட்டு அத்தை அழுதார்.

விஷயம் இதுதான். இயேசு பிறந்த ராத்திரி மேய்ப்பர்கள் வயல்வெளியில் தங்கி ஆட்டுக்குக் காவல் இருந்தார்கள் என்று வேதம் சொல்கிறது. டிசம்பர் குளிரில் யாராவது வெட்டவெளியில் ஆட்டோடு படுப்பார்களா என்று மாமனாருக்குக் கேள்வி வந்துவிட்டது. பெத்லகேம் மலை ஊர். ஆகவே நைனார்பாளையத்தில் படுத்துப் பார்த்தால் சரிவராது, கல்வராயன் மலைதான் தோது. முன்பு மேலே வேலை பார்த்தபோது பழக்கமான மலைக்காரர் ஒருவரின் வெள்ளாடுகளை ஒரு ராத்திரிக்கு வாங்கி, அவற்றோடு திறந்த வெளியில் படுத்து ஆராய்ந்து பார்க்கப் போய்விட்டார். மலைக்காரர் தன் வீட்டுக்குள் கம்பளி போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறார். ஆடுகளும் கொஞ்ச நேரம் இவரோடு இருந்துவிட்டு, எழுந்து பட்டிக்குள் போய்விட்டனவாம்.

கிறிஸ்துமஸ் அன்று மத்தியானம் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார். சாக்குப் பையைத் தோளில் போர்த்தியிருந்தார். குளிரில் பல் தந்தியடித்தது. மாப்பிள்ளை வந்திருக்கிறேன், சம்பந்தியம்மா வந்திருக்கிறார், யாரையும் வாங்க என்று சொல்லவில்லை. "டிசம்பர்ல முடியாது! படுத்துப் பாத்துட்டேன், முடியவே முடியாது!" என்று கையை ஆட்டிக் கத்திவிட்டுத் தள்ளாடிப்போய் உட்கார்ந்தார். நெற்றியில் கை வைத்தால் கொதித்தது. அந்தக் காய்ச்சலிலும் முகத்தில் அப்படி ஒரு வெற்றிக் களை.

அம்மா எழுந்தார். எஸ்தரின் பையை என்னிடம் கொடுத்தார். "மொத மொத பண்டிகைக்கு மாப்ள வர்றாருன்னு தெரிஞ்சும் ஆட்டோட படுக்கப் போன மனுஷன் வூடு இது. இங்க எம் மருமகளத் தலைப்பிரசவத்துக்கு அனுப்ப மாட்டேன். சொல்லிட்டேன்" என்றார். எஸ்தர் அழுதாள், அத்தை அழுதார். மாமனார் காய்ச்சலில் உளறிக்கொண்டிருந்தார். நாங்கள் அடுத்த பஸ்ஸில் திரும்பினோம்.

அம்மா சொன்னால் சொன்னதுதான். பொங்கல் போனது, மாசி போனது. எஸ்தருக்கு வயிறு தெரிய ஆரம்பித்தது. முதல் பிள்ளையை அம்மா பக்கத்தில் இல்லாமல் பெற வேண்டுமே என்று அவள் ராத்திரியெல்லாம் புலம்பினாள். நானும் என் அம்மாவிடம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "தலை கிறிஸ்துமஸ் செய்யட்டும், அனுப்பறேன்" என்றார். டிசம்பருக்குள் குழந்தை பிறந்து தவழ ஆரம்பித்துவிடும் என்று நான் கணக்குச் சொன்னேன். "அது அவரு பாடு" என்றார்.

மாமனாருக்கு இது தெரிந்ததும் ஆடிப்போய்விட்டார். மகளென்றால் அவருக்கு உயிர். ஆனால் அவர் யோசித்த வழி அவருக்கு மட்டுமே தோன்றக்கூடிய வழி. எங்கள் பக்கத்தில் அறுப்பு முடிந்து வயல் காலியானதும் செம்மறிக்காரர்கள் வந்து கிடை போடுவார்கள். வயலில் ராத்திரி முழுக்க ஆடுகளை மடக்கிவைத்தால் நிலத்துக்கு எரு ஆகும். ஆட்டுக்காரர்களும் அங்கேயே படுப்பார்கள். இவர் கோவிந்தன் என்ற ஆட்டுக்காரரைப் பிடித்து, எந்த மாதம் வயலில் படுப்பீர்கள் என்று விசாரித்தார். "பங்குனி, சித்திரயில சார். மார்கழிப் பனியில எவன் படுப்பான்?" என்றார் கோவிந்தன். போதாதா? மேய்ப்பர்கள் வயலில் படுப்பது சித்திரையில், ஆகவே இயேசு பிறந்தது சித்திரையில் என்று முடிவு கட்டினார். கோவிந்தன் அந்த ஊரில் கிடை போடப்போகும் நாளையே குறித்து, "சித்திரையில் தலை கிறிஸ்துமஸ், குடும்பத்தோடு வரவும்" என்று எங்களுக்கு ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார்.

"சித்திரையில இன்னாடா கிறிஸ்துமஸ்?" என்றார் அம்மா. எஸ்தரின் முகத்தைப் பார்த்தார். "சரி, போய்ப் பாக்கலாம்" என்றார்.

போனோம். ஊர் எல்லையிலேயே சீரியல் பல்பு ஆரம்பித்துவிட்டது. தெரு முழுக்க வாழைமரம், தோரணம், ஒலிபெருக்கி. அம்மாவுக்கே முகம் மலர்ந்துவிட்டது. "பரவால்லடா, சம்பந்தி ஜோராத்தான் செஞ்சிருக்காரு" என்றார். தெருமுனையில் கட்டியிருந்த தட்டியை நான் படித்தேன். விவரம் புரிந்தது. அன்றைக்குத்தான் அந்த ஊர் திரௌபதி அம்மன் கோவில் தீமிதி. ரோமாபுரிக்காரர்களின் திருநாளிலிருந்து தப்பித்த மாமனார், நேராக அம்மன் திருவிழாவில் போய் இறங்கியிருந்தார். கோவிந்தனும் தீமிதியைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றுதான் அந்த நாளாகப் பார்த்துக் கிடை போட்டிருக்கிறார். இவர் எல்லாவற்றையும் விசாரித்தவர், அதை மட்டும் விசாரிக்கவில்லை.

மாமனார் வீட்டு வாசலில் நின்ற கம்பத்திலும் கோவில்காரர்கள் விளக்கு கட்டியிருந்தார்கள். உள்ளே கூட்டம், கறிக்குழம்பு வாசனை. தெருவில் போய்க்கொண்டிருந்த பம்பைக்காரர்கள் இதைப் பார்த்து, காதுகுத்தோ மஞ்சள் நீரோ என்று நினைத்து வாசலில் நின்று அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். மாமனார் காதைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தார்.

"இன்னா விசேஷங்க?" என்றார் பம்பைக்காரர்.

"கிறிஸ்துமஸ்."

"சித்திரயிலயா?"

"அதான் சரியான மாசம்."

"அப்ப டிசம்பர்ல வர்றது?"

"அது தப்பு."

பம்பைக்காரர் கொஞ்சம் யோசித்தார். "தப்பா இருந்தா கவர்மெண்டுல லீவு வுடுவாங்களா சார்?" என்றார். மாமனார் அவர்களுக்கு இலை போடச் சொன்னார். அவர்கள் இன்னொரு அடி அடித்துவிட்டு, ஆளுக்கு ஒரு இலையில் கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு, "ஹேப்பி கிறிஸ்துமஸ்" சொல்லிவிட்டுத் தீமிதிக்குப் போனார்கள்.

அம்மாவுக்கு இப்போது எல்லாம் விளங்கிவிட்டது. வாயைத் திறக்கப் போனார். அதற்குள் கோவிந்தன் ஓடி வந்தார். "கம்பவுண்டரே, ஒரு ஆடு குட்டி போட முடியாமக் கெடக்குது. வாங்க சீக்கிரம்" என்றார். மாமனார் பந்தியை, மாப்பிள்ளையை, சம்பந்தியை எல்லாம் அப்படியே விட்டுவிட்டுப் புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வயலுக்கு ஓடினார்.

"திரும்பவும் ஆட்டுக்கிட்டயா போறாரு!" என்று அம்மா பின்னாலேயே போனார். அம்மாவைத் தடுக்க நான் போனேன். எங்களைத் தடுக்க எஸ்தர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பொழுது சாயும் நேரம். ஆடு பக்கவாட்டில் படுத்து முனகிக்கொண்டிருந்தது. மாமனார் கையில் சோப்பையும் எண்ணெயையும் தேய்த்துக்கொண்டு மண்டி போட்டார். குட்டியின் ஒரு கால் உள்ளே மடங்கியிருந்தது. தூரத்தில் அம்மன் பாட்டு அலறியது.

என் அம்மா இடுப்பில் கை வைத்து நின்றார். "சம்பந்தி, ஒண்ணு கேக்கறேன். ஏசு பொறந்த நாளு யாருக்கும் தெரியாது, சரி. நீங்க பொறந்த நாளு எது?"

கையை உள்ளே விட்டபடியே அவர், "ஜூன் மாசம். வாத்தியாரு ஸ்கூல்ல சேக்கும்போது போட்டாரு" என்றார்.

"வாத்தியாரு போட்டது இருக்கட்டும். நெசமா எப்போ?"

"ஏரி ஒடஞ்ச வருஷம், கொல்லையில மல்லாட்டச் செடி புடுங்கும்போதுன்னு எங்கம்மா சொல்லும். நாளு தெரியாது."

"ஜூன்ல கேசரி செய்வேன், ரெண்டு கரண்டி வாங்கிச் சாப்புடுவாரு" என்றார் பின்னாலேயே வந்துவிட்ட அத்தை.

அம்மா விடவில்லை. "அப்ப நாளு தெரியாததால நீங்க இன்னும் பொறக்கலியா? பொறக்காமலேயே ஒரு பொண்ணப் பெத்து என் புள்ளைக்குக் கட்டிக் குடுத்தீங்களா?"

கோவிந்தன் சிரித்துவிட்டார். மாமனார் சிரிக்கவில்லை. ஆட்டின் வயிற்றுக்குள் கையை வைத்தபடி என் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கையைத் திருப்பி, மடங்கிய காலை நீட்டி, குட்டியை இழுத்தார். மூக்கைத் துடைத்து, தன் புது வேட்டி முனையால் உடம்பைத் தேய்த்து, தாயின் முகத்துக்கு நேரே வைத்தார். குட்டி கத்தியது. எப்போதும் குட்டி விழுந்ததும், எந்தக் கடாவோடது என்று கேட்பார். அன்று கேட்கவில்லை.

"நான் பொறந்துட்டேன் சம்பந்தி" என்றார் தணிந்த குரலில்.

அம்மா கொஞ்ச நேரம் அந்த ரத்தக் கைகளையும், எழுந்து நிற்கப் பார்க்கும் குட்டியையும் பார்த்தார். "புள்ளத்தாச்சி ஆட்டுக்கே இப்டி ஓடற மனுஷன் வூட்டுல விட்டுட்டுப் போறதுக்கு எனக்கு இன்னா பயம்? எஸ்தரு இங்கயே இருக்கட்டும்" என்றார். அத்தை என் அம்மாவைக் கட்டிக்கொண்டார். நாங்கள் திரும்பிப் போய் ஆறிப்போன கறிச்சோறு சாப்பிட்டோம். என் ஆயுளில் அதைவிட ருசியான கிறிஸ்துமஸ் சாப்பாட்டை நான் சாப்பிட்டதில்லை.

எங்கள் மகள் ஜூனில் பிறந்தாள். வாத்தியார் போடாமலேயே ஜூனில் பிறந்த பிள்ளை என்று அத்தை சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அந்த டிசம்பரில் மாமனார் கள்ளக்குறிச்சி போய் ஒரு காகித ஸ்டார் வாங்கி வந்தார். கடைக்காரரிடம் எங்கிருந்து வருகிறது என்று வழக்கம்போலக் கேட்டிருக்கிறார். சிவகாசி என்றாராம். "சிவகாசிதான? ரோமாபுரின்னு பயந்துட்டேன்" என்று எங்களிடம் சொல்லிக்கொண்டே கூரையில் கட்டினார். அதற்காகச் சித்திரையை விட்டாரா என்றால் அதுவும் இல்லை. கோவிந்தன் கிடை போடும் நாளில் ஒரு கிறிஸ்துமஸ், ஊரோடு ஒத்து டிசம்பரில் ஒரு கிறிஸ்துமஸ் என்று வருஷத்துக்கு இரண்டு நடந்தது. சித்திரைக்குப் பம்பைக்காரர்களும் தவறாமல் வந்துவிடுவார்கள்.

அவர் இறந்தது ஒரு ஐப்பசி மழையில். கல்லறைக்குக் கல் வைக்கத் தியாகதுருகத்தில் ஒரு கல்வெட்டுக்காரரிடம் போனோம். பெயரை எழுதிக்கொண்டு, பிறந்த தேதி கேட்டார். நான் ஜூன் தேதியைச் சொன்னேன்.

"அது வேணாம் தம்பி" என்றார் அத்தை. "அது வாத்தியாரு போட்டது. பொய்யின்னு அவருக்கே தெரியும். கல்லுல போட்டா படுத்துக்கினே மனசு கஷ்டப்படுவாரு."

"அப்ப வெறும் எறந்த தேதி மட்டும் போட்டுடலாங்களா?" என்றார் கல்வெட்டுக்காரர்.

"ஏன், அவரு பொறக்கலியா?"

கல்வெட்டுக்காரர் உளியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் எஸ்தரைப் பார்த்தேன். அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"டிசம்பர் இருவத்தஞ்சு போடுங்க. நாளு தெரியாத ஒருத்தருக்கு அந்த நாளத்தான எல்லாருமாச் சேந்து குடுத்தாங்க. அவரு ஒண்ணும் கோச்சிக்கலியே. இவரும் கோச்சிக்க மாட்டாரு."

அப்படியே வெட்டிவிட்டார்கள். கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவர்த்தி ஏற்ற வருகிறவர்கள் அந்தக் கல்லின் முன் நின்று படிக்கிறார்கள். "கிறிஸ்துமஸ் அன்னிக்கே பொறந்திருக்காரு பாரு, குடுத்து வெச்ச மனுஷன்" என்கிறார்கள். அத்தை தலையை ஆட்டி, ஆமாம் என்கிறார்.